எண்ணெய் எங்கள் கடலில், கணக்கு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் திரெங்கானுவின் எண்ணெய் ஊரான கெர்த்தேயில் நான் கழித்த நாட்களைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக இரண்டு பத்தி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பணத்தையே பிடித்துக்கொண்டன. ஆகவே வாடகைத் தகராறு, வாரிசுச் சான்றிதழ் பற்றிக் கேட்டவர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சட்டம் படித்தவன் அல்ல. கெமாமானில் சரக்குக் கிடங்கில் பொருள் எண்ணி, பிறகு ஓர் ஒப்பந்ததாரரிடம் பில் எழுதி, ஓய்வு பெற்றுக் குவாந்தானில் உட்கார்ந்திருப்பவன். பில் எழுதிப் பழகியவனுக்குப் பணம் எந்தக் கை வழியாகப் போகிறது என்பதில் எப்போதும் ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்கிறேன்.

பெட்ரோனாஸ் கோடி கோடியாக ஈட்டுகிறது. எண்ணெய் தரும் மாநிலத்துக்கு ஐந்தே விழுக்காடு என்கிறார்களே, அது எதில் ஐந்து? – வாசகர், ஈப்போ

எதில் என்று கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். மேடையில் முழங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்பதில்லை. இலாபத்தில் ஐந்து அல்ல. எடுத்த எண்ணெயின் மொத்த மதிப்பில் ஐந்து.

1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றி உலகத்தையே உலுக்கிய அடுத்த ஆண்டு அது. மிகச் சிறிய சட்டம். ஒரு தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். நாட்டின் நிலத்தடியிலும் கடலடியிலும் உள்ள எண்ணெய், எரிவாயு அனைத்தின் உரிமையும் பெட்ரோனாஸுக்குப் போனது. அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டுக்கும் உத்தரவுக்கும் உட்பட்டது என்றும் சட்டமே சொல்கிறது. இதற்கு ஈடாகக் கூட்டரசுக்கும் (மத்திய அரசுக்கும்) மாநிலத்துக்கும் ரொக்கம் தர வேண்டும். எத்தனை விழுக்காடு என்று சட்டத்தில் தேடாதீர்கள். சம்பந்தப்பட்ட தரப்பினர் ஒப்புக்கொள்ளும் தொகை என்றுதான் இருக்கும். ஐந்து என்ற எண், பெட்ரோனாஸின் முதல் தலைவர் தெங்கு ரசாலி ஹம்சா காலத்தில் மாநிலங்களோடு ஒவ்வொன்றாகப் போட்ட ஒப்பந்தங்களில் வந்தது.

இப்போது கணக்கு. 1976-இல் எஸ்ஸோ, ஷெல் நிறுவனங்களோடு செய்துகொண்ட முதல் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களின்படி 100 பீப்பாய் எடுத்தால், 10 பீப்பாய் ராயல்டி, அதாவது உரிமைத்தொகை. அதில் 5 கூட்டரசுக்கு, 5 மாநிலத்துக்கு. 20 பீப்பாய் வரை செலவுக்குக் கழித்துக்கொள்ளலாம். மீதி 70-ஐ 70-க்கு 30 என்று பிரித்தார்கள்: பெட்ரோனாஸுக்கு 49, வெளிநாட்டு நிறுவனத்துக்கு 21. பின்னாளில் விகிதங்கள் மாறின. ஆனால் மாநிலத்தின் 5 மாறவில்லை. மற்றவர்களின் பங்கில் பெட்ரோலிய வருமான வரி போடுவது கூட்டரசு. பெட்ரோனாஸின் இலாப ஈவும் கூட்டரசுக்கே. 2019-இல் சிறப்பு ஈவையும் சேர்த்து அது 5,400 கோடி ரிங்கிட். ஆக, ‘ஐந்துக்கு ஐந்து சமம்’ என்று தொடங்கிய பங்கீட்டில் ஒரு தரப்புக்கு அதற்கு மேலும் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன.

இருந்தாலும் மொத்த மதிப்பில் ஐந்து என்பதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். நிறுவனம் நட்டப்பட்டாலும் வர வேண்டிய பணம் அது. 2018 தேர்தலில், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த நம்பிக்கைக் கூட்டணி 20 விழுக்காடு தருவதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், அது இலாபத்தில் 20 என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் வந்தது. சரவாக் வேண்டாம் என்றது. இலாபத்தை யார் கணக்கிடுவார்கள், எந்தெந்தச் செலவைக் கழிப்பார்கள் என்று தெரியாமல் தலையாட்டாதவர்களை நான் புத்திசாலிகள் என்பேன்.

சட்டப்படி வந்துகொண்டிருந்த எங்கள் ராயல்டியை 2000-ஆம் ஆண்டில் எப்படி நிறுத்த முடிந்தது? – வாசகி, கோல திரெங்கானு

அம்மா, இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் அப்போது உங்கள் மாநிலத்தில்தான் இருந்தேன்.

திரெங்கானுவுக்கு எண்ணெய்ப் பணம் 1978 முதல் வந்தது. நூறு மைல் தாண்டிய ஆழ்கடலில் எடுத்தாலும் கொடுத்தார்கள். யாரும் தூரம் அளக்கவில்லை. 1999 நவம்பர் தேர்தலில் எதிர்க்கட்சியான பாஸ் கட்சி மாநிலத்தைப் பிடித்தது. 2000 செப்டம்பரில் கூட்டரசுக்குத் திடீரென்று அளவுகோல் கிடைத்தது: மாநிலத்தின் கடல் கரையிலிருந்து மூன்று கடல் மைலோடு முடிகிறது, எண்ணெய்க் கிணறுகள் அதற்கு வெளியே இருக்கின்றன, ஆகவே ராயல்டி கிடையாது என்றார்கள். அதற்குப் பதிலாக ‘வாங் இஹ்சான்’ என்று ஒரு தொகை, நல்லெண்ணப் பணம். அது மாநிலக் கருவூலத்துக்கு வரவில்லை. கூட்டரசின் துறைகள் வழியாகச் செலவிடப்பட்டது. மாநில அரசு நீதிமன்றம் போயிற்று.

மாநில வருமானத்தின் பெரும்பகுதி அந்த ராயல்டிதான். ஆட்சிக்குழுவின் கையில் பணம் இல்லை என்றால் அதன் வலி முதலில் எங்கே தெரியும் தெரியுமா? கெர்த்தே ஆலையில் தெரியாது. அங்கே தீக்கோபுரம் வழக்கம்போல் எரிந்தது, ஷிஃப்ட் பஸ்கள் வழக்கம்போல் வந்தன. வடிகால் வெட்டியவன், பள்ளிக்கூடக் கூரை மாற்றியவன், இவர்களின் பில்லில்தான் தெரியும். டுங்குனில் எனக்குத் தெரிந்த சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் மாநில வேலை செய்துகொண்டிருந்தார். பணம் வர மாதங்கள் இழுத்தன. கடைசியில் லாரியை விற்றுவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போனார். அவர் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவர் அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2004-இல் கூட்டரசை ஆண்ட தேசிய முன்னணியே மாநிலத்தைத் திரும்பப் பிடித்த பிறகும் பணம் பழைய வழிக்கு வரவில்லை. நல்லெண்ணப் பணமாகவே தொடர்ந்தது. புலாவ் டுயோங்கில் 2005 முதல் நடந்த மழைக்காலப் படகுப் போட்டியைக் காட்டி, ஏழை மாநிலத்துக்கு இதுவா முதல் தேவை என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் போட்டி நல்லதா கெட்டதா என்பதைவிட, மாநிலச் சட்டமன்றம் வரவு செலவில் வைத்து வரி வரியாக விவாதிக்க முடியாத பணம் எதற்குப் போனாலும் இப்படித்தான் பேச்சு எழும். 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் மாநிலத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் வழி மீண்டும் திறந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிளந்தானும் தன் கடலுக்கு வெளியே எடுக்கும் எரிவாயுவுக்குப் பங்கு கேட்டு 2010-இல் பெட்ரோனாஸ் மீது வழக்குப் போட்டது. மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று வெளிப்படையாகப் பேசியவர் யார்? ஒப்பந்தங்களை உருவாக்கிய அதே தெங்கு ரசாலி. எழுதியவரே இதுதான் பொருள் என்கிறார், இல்லை என்கிறது அரசு! இப்படி ஒரு வழக்கு உலகத்தில் வேறு எங்காவது நடந்திருக்குமா?

மாநிலத்தின் சொந்த எண்ணெய் நிறுவனமாகப் பெட்ரோஸ் வந்துவிட்டதே, இனி சரவாக்குக்கு நல்ல காலம்தானே? – வாசகர், மீரி

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குவோம். கனடா குன்றின் மேல் 1910-இல் தோண்டிய முதல் கிணறு 1972 வரை எண்ணெய் கொடுத்தது. ‘முதிய சீமாட்டி’ என்று பெயர் வாங்கிய அந்தக் கிணறு ஓய்வு பெற்றபோது மலேசியாவுக்கு ஒன்பது வயது, பெட்ரோனாஸ் பிறக்கவே இல்லை. ஆகவே ‘எங்கள் எண்ணெய் உங்களுக்கு முந்தியது’ என்று சரவாக் சொல்வதில் வரலாறு இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்கச் சட்டம், அதற்கு நான்கு ஆண்டு முன்பு பிரிட்டிஷ் அரசு சரவாக்கின் எல்லையைக் கண்டத்திட்டு வரை நீட்டிய ஆணை, இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் அவர்கள் வாதாடுகிறார்கள்.

சரவாக் சாதித்ததை வரிசைப்படுத்தினால் தீபகற்பத்து மாநிலங்களுக்குப் பொறாமை வரும். 2016-இல் பெட்ரோனாஸ் சரவாக் ஊழியர்களில் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. முதலமைச்சர் அட்னான் சாத்தேம் மறுபேச்சில்லாமல் தீபகற்பத்திலிருந்து வரும் பெட்ரோனாஸ் ஊழியர்களுக்கு வேலை அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தார். பேச்சுவார்த்தைக்கு நிறுவனம்தான் ஓடிவந்தது. குடிநுழைவு அதிகாரம் கையில் இருக்கும் மாநிலம் செய்யக்கூடியது அது. திரெங்கானு கனவிலும் செய்ய முடியாது. 2019 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு மாநில விற்பனை வரி போட்டார்கள். பெட்ரோனாஸ் கட்ட மறுத்தது. 2020 மார்ச்சில் கூச்சிங் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2019 என்ற அந்த ஒரே ஆண்டுக்கு 296 கோடி ரிங்கிட் அளவில் கட்டினார்கள். 2024 முதல் மாநிலத்தின் எரிவாயுவை மொத்தமாக வாங்கி விற்கும் பொறுப்பும் பெட்ரோஸுக்கு என்று மாநிலம் அறிவித்தது. அதில் பெட்ரோனாஸோடு உரசல்.

சரி, நல்ல காலமா? 2017-இல் தொடங்கிய பெட்ரோஸும் ஒரு நிறுவனம்தான். முதலாளி பிரதமராக இல்லாமல் மாநிலத் தலைமையாக இருக்கிறார், அவ்வளவு. பணம் கோலாலம்பூரிலிருந்து கூச்சிங்குக்கு வருவது ஒரு படி. கூச்சிங்கிலிருந்து பாராம் ஆற்றின் மேல்கரை நீள்வீடுகளுக்குப் போவது இன்னொரு படி. பிந்துலுவில் 1983 முதல் திரவ எரிவாயு கப்பலேறுகிறது. உலகத்திலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று அது. அந்த மாநிலத்தின் உட்பகுதியில் ஜெனரேட்டர் ஓசையோடு இரவைக் கழித்த ஊர்கள் எத்தனை காலம் இருந்தன என்பதை மீரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோஸின் ஆண்டறிக்கையை யார் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். என் நம்பிக்கை அதைப் பொறுத்தது.

நான் வெல்டிங் படித்தவன். எண்ணெய்த் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்கிறார்களே, உண்மையா? – வாசகர், கிள்ளான்

தம்பி, கம்பெனி வைப்பதையும் வேலைக்குப் போவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இரண்டுக்கும் கதவு வேறு.

கம்பெனி வைத்து வேலை எடுப்பது கடினம். பெட்ரோனாஸின் உரிமம் இல்லாமல் எண்ணெய்வயல் வேலை எதையும் நேரடியாக எடுக்க முடியாது. பல வேலைப் பிரிவுகளுக்குப் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) பங்குரிமை நிபந்தனை உண்டு. உள்ளூர்த் தொழில்முனைவோரை உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் உண்மையாக வளர்ந்த நிறுவனங்களும் உண்டு. இன்று ரிக் கட்டுகிறார்கள், கடலடிக் குழாய் பதிக்கிறார்கள். ஆனால் நான் பில் எழுதிய இடத்திலிருந்து பார்த்ததையும் சொல்ல வேண்டும். உரிமம் ஒருவரிடம், மேசை நாற்காலி மட்டும் உள்ள அலுவலகம். வேலை இரண்டாவது ஆளுக்குப் போகும், அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஆளிடம் தள்ளுவார். துருப்பிடித்த வால்வைக் கழற்றி மாட்டுகிற மூன்றாவது ஆளுக்கு வந்து சேரும்போது தொகை மெலிந்து, தவணையும் தாண்டியிருக்கும். எங்கள் கம்பெனி பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள். சம்பள நாளில் முதலாளி தொலைபேசியை எடுக்கமாட்டார். பையன்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒரு வெல்டர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வீட்டு வாடகை ரசீதை மட்டும் எடுத்து வைப்பார். மேலே தரையிறங்கும் கோடியில் கீழே எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை எந்த அறிக்கையும் அச்சிடுவதில்லை.

வேலைக்குப் போவது வேறு விஷயம். கடலில் யாரும் உன் தந்தை பெயரைக் கேட்டு வெல்ட் செய்யச் சொல்வதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், ஓட்டை இருந்தால் வெட்டி எடுக்கச் சொல்வார்கள். சாய்த்து நிறுத்திய குழாயில் சுற்றிலும் வெல்ட் செய்யும் 6ஜி தேர்வை முதலில் முடி. பிறகு கடல் பாதுகாப்புக்கான போசியெட் பயிற்சி. ஹெலிகாப்டர் கூண்டில் உட்கார வைத்துத் தண்ணீரில் தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் நீர் ஏறும், பயப்படாதே. தேசியத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வழங்கும் எண்ணெய் எரிவாயு பாதுகாப்புச் சீட்டும் மருத்துவச் சான்றும் வேண்டும். பயிற்சிக் கட்டணத்தை முதலில் நீயே போடச் சொல்வார்கள். வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் மட்டும் கொடுக்காதே. தம்பி தங்கை படித்துக்கொண்டிருந்தால், திரெங்கானு பத்து ராக்கிட்டில் பெட்ரோனாஸ் நடத்தும் இன்ஸ்டெப் தொழில்நுட்பக் கழகத்தையும், பேராக் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் பற்றி விசாரிக்கச் சொல். ஐம்பது ஆண்டுகளில் அந்த நிறுவனம் செய்த உருப்படியான காரியம் எது என்று என்னைக் கேட்டால், இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் இன்ஸ்டெப்பைச் சொல்வேன்.

நார்வேயும் எண்ணெய் நாடுதான். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? – ஆசிரியை, பினாங்கு

நார்வே ஊராட்சிகளுக்கு ராயல்டி என்று ஒரு காசும் கிடையாது, தெரியுமா? எண்ணெய்ப் பணம் முழுவதும் தேசியக் கருவூலத்துக்குத்தான். 78 விழுக்காடு வரை வரி, பிறகு வெளிநாட்டில் முதலீடு செய்யும் நிதி, ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு. இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். ஊர்க்காரனுக்கு என்ன கிடைத்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

1972-இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலைத் தொடங்கியபோது அதன் தலைமையகத்தைத் தலைநகர் ஒஸ்லோவில் வைக்கவில்லை. மத்தி மீன் டின் அடைத்துப் பிழைத்துவந்த ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் வைத்தார்கள். கண்காணிப்பு இயக்குநரகத்தையும் அதே ஊரில், ஆனால் நிறுவனத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். கொள்கை அமைச்சுக்கு, மேற்பார்வை இயக்குநரகத்துக்கு, வியாபாரம் நிறுவனத்துக்கு. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த மூளைகளில் ஒன்று ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர். மகனின் சிகிச்சைக்காக நார்வே வந்து குடியேறியவர். நம் நாட்டில் கிணறு ஏலம் விடுவதும், விதி போடுவதும், தானே கிணறு தோண்டுவதும் பெட்ரோனாஸ்தான். தலைமையகம் கோலாலம்பூரில் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தில். கெர்த்தேயில் இருப்பது ஆலையும் முகாமும்.

வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் என்ற சின்ன ஊரின் எதிரில் மெல்கோயா தீவில் 2007-இல் எரிவாயு ஆலை வந்தது. ஊராட்சிக்குச் சொத்துவரி கொட்டியது; பள்ளிகளைப் புதுப்பித்தார்கள், கலையரங்கம் கட்டினார்கள். எந்தப் பிரதமரும் மனமிரங்கித் தர வேண்டியதில்லை, ரசீது போட்டு வாங்கிய வரி. நார்வேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நிதியையே பேசுகிறார்கள். எனக்கென்னவோ இந்த வரி ரசீதுதான் பிடித்திருக்கிறது.

சபா முதல்வர் விமான விபத்தில் இறந்தது எண்ணெய் ஒப்பந்தத்தால்தான் என்கிறார்களே? – வாசகர், கோத்தா கினபாலு

1976 ஜூன் 6-ஆம் நாள் விமானம் விழுந்து துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் இறந்தார். ஜூன் 14-ஆம் நாள், புதிய முதல்வர் ஹாரிஸ் சாலே ஐந்து விழுக்காட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நடுவில் எட்டே நாள். சந்தேகம் வராமல் இருக்குமா? ஆனால் 2023-இல் மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் வெளியிட்ட விசாரணை அறிக்கைகளில் நாசவேலைக்கான தடயம் இல்லை. விமானத்தின் பின்பகுதியில் அளவுக்கு மீறிய சுமை இருந்தது பற்றித்தான் பேசுகின்றன. அறிக்கையை நாற்பத்தேழு ஆண்டு பூட்டி வைத்ததுதான் வதந்தியை வளர்த்தது. உங்கள் கோபத்துக்கு வேறு இடம் உண்டு: கிமானிஸிலிருந்து பிந்துலுவுக்கு 512 கிலோமீட்டர் குழாய் போட்டு சபாவின் எரிவாயுவைக் கொண்டுபோனார்கள். 2014-இல் லாவாஸ் பகுதியில் அது வெடித்தது. அந்த எரிவாயு சபாவிலேயே ஆலை ஓட்டியிருக்கலாமே என்று கேளுங்கள். அதற்குத் தடயம் தேட வேண்டியதில்லை.

எண்ணெய் கரையேறும் கெர்த்தேயில் பெட்ரோல் மலிவாகக் கிடைக்குமா ஐயா? – மாணவர், சிரம்பான்

கிடைக்காது. சிரம்பானில் என்ன விலையோ அதே விலைதான். அதோடு அங்கே கரையேறும் தாப்பிஸ் எண்ணெய் உலகத்திலேயே விலை உயர்ந்த ரகங்களில் ஒன்று. அதில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி விற்பார்கள். நாங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றியது வேறு எங்கிருந்தோ வந்தது.